600 மி.மீ. லென்ஸும் 7 கிலோ தராசும்: கோவையிலிருந்து மாசாய் மாராவுக்கு ஒரு பையின் கணக்கு

பயணி: கோவையைச் சேர்ந்த ஒரு மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர், காட்டுயிர்ப் படங்களில் தீராத ஆசை. பொருள்: நிக்கான் இசட் 600 மி.மீ. எஃப்4 டிசி லென்ஸ், கூடவே இரண்டு கேமரா பாடிகள், இரண்டு சின்ன லென்ஸ்கள். பாதை: கோவை – மும்பை – நைரோபி, அங்கிருந்து சிறு விமானத்தில் கென்யாவின் மாசாய் மாரா காட்டுயிர்க் காப்பகம். மாதம் ஆகஸ்ட், மாராவில் வில்டபீஸ்ட் எனும் காட்டெருதுக் கூட்டங்கள் ஆற்றைக் கடக்கும் பருவம்.

கேள்வி ஒன்றுதான். எந்தப் பை?

நான் லென்ஸ் வாடகைக்கு விடும் தொழிலில் இருப்பவன். "நல்ல பையா ஒண்ணு சொல்லுங்க" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். எல்லோரும் பையில் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு பஞ்சு வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். விமானத்தில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: பையின் சொந்த எடை, அப்புறம் அந்தப் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் லென்ஸை மட்டும் எவ்வளவு சீக்கிரம் உருவி எடுக்க முடியும் என்பது. மருத்துவரின் பயணத்தில் இந்த இரண்டுமே சோதனைக்கு வந்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பொருளின் கணக்கு

லென்ஸ் 3,260 கிராம். நீளம் 437 மி.மீ., குறுக்களவு 165 மி.மீ. இசட்9 பாடி பேட்டரியோடு 1,340 கிராம். இசட்8 இன்னொரு 910. 100-400 லென்ஸ், டிரைபாட்டில் மாட்டும் வளையத்தோடு, 1,435. 24-120 லென்ஸ் 630. கூட்டினால் ஏழரைக் கிலோவைத் தாண்டுகிறது. இதில் பை இல்லை, பேட்டரி இல்லை, சார்ஜர் இல்லை, லேப்டாப் இல்லை.

நம் ஊர் விமானங்களில் எகானமி வகுப்பில் ஹேண்ட் லக்கேஜ் பொதுவாக 7 கிலோ. அளவு 55 × 35 × 25 செ.மீ., அதாவது மூன்று பக்கமும் கூட்டி 115. இதற்கு மேல் லேப்டாப் பை அளவில் ஒரு சின்னப் பை அனுமதி. சில நிறுவனங்கள் அதற்கும் 3 கிலோ என்று வரம்பு போட்டிருக்கின்றன.

ஆக, பை என்று ஒன்று வருவதற்கு முன்பே மருத்துவர் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

இங்கே ஒரு சின்ன வரலாறு. 1999-இல் வந்த கேனன் 600 எஃப்4 ஐஎஸ் லென்ஸின் எடை 5,360 கிராம். அதன் இரண்டாம் பதிப்பு 3,920. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு 3,050. சோனியின் 600 எஃப்4 லென்ஸும் 3,040-தான். கிட்டத்தட்ட இருபது ஆண்டில் இரண்டேகால் கிலோ கரைந்துவிட்டது. ஆனால் நீளம்? 456 மி.மீ. 448 ஆனது, அவ்வளவுதான். எடையைக் குறைக்க ஃப்ளோரைட்டும் மெக்னீசியமும் வந்தன. நீளத்தைக் குறைக்க ஒளியியல் லேசில் விடுவதில்லை. ஃப்ரெனல் வகைக் கண்ணாடி போட்ட பிஎஃப் லென்ஸ்கள்தான் அதில் விதிவிலக்கு. அதனால் 600 எஃப்4 வைத்திருப்பவருக்குப் பையின் உள்நீளம் குறைந்தது 45 செ.மீ. வேண்டும் என்பது இப்போதைக்கு மாறப்போவதில்லை.

"600 எஃப்6.3 பிஎஃப் எடுத்துட்டுப் போங்களேன், ஒன்றரைக் கிலோகூட இல்லை, 28 செ.மீ. நீளம், சாதாரணப் பையில் போய்விடும்" என்று சொல்லிப் பார்த்தேன். மாராவின் திறந்த புல்வெளிக்கு அது தாராளமாகப் போதும் என்பது இன்றும் என் கருத்து. விடியற்காலை வெளிச்சத்தில் அதிக ஒளி வாங்கும் எஃப்4 இல்லாமல் சரிப்படாது என்று அவர் ஒரே பிடி. சரி, அவர் லென்ஸ், அவர் பயணம்.

பாதையில் எது குறுகலான வாசல்?

பெரிய லென்ஸோடு பயணம் திட்டமிடும்போது, போகும் வழியிலேயே மிகச் சிறிய விமானம் எதுவோ அதிலிருந்து தொடங்க வேண்டும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவின் மண் ஓடுபாதைகளுக்குப் போகிற சிறு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோ. அது கைப்பையும் சேர்த்து. அதோடு மெத்தென்ற துணிப்பையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செஸ்னா கேரவன் மாதிரியான விமானத்தின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் சாமான் கூண்டில் பைகளை அமுக்கித் திணிப்பார்கள். மூலை மடங்காத பெட்டிக்கு அங்கே இடமில்லை. தலைக்கு மேல் சாமான் வைக்கும் தட்டும் அதில் கிடையாது.

நைரோபியிலிருந்து நாரோக் வழியாகச் சாலையிலும் போகலாம், ஐந்தாறு மணி நேரம். சாமான் அதிகமுள்ளவர்கள் அப்படித்தான் போகிறார்கள். மருத்துவருக்கு முதுகு வலி உண்டு, அதனால் விமானம்தான்.

உள்ளூர்ப் பகுதியிலும் ஒன்றைக் கவனித்தோம். கோவையிலிருந்து ஏடிஆர் என்ற சின்ன புரொபெல்லர் விமானத்தில் வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து மாறும் டிக்கெட் கொஞ்சம் மலிவாக இருந்தது. ஏடிஆரின் மேல்தட்டு சின்னது. விதிப்படியான 55 செ.மீ. பெட்டியே பல நேரம் அதில் நுழையாது. படியேறும் முன் வாங்கி வயிற்றுப் பகுதியில் போட்டுவிடுவார்கள். அதனால் மும்பைக்கு நேராகப் போகும் ஏர்பஸ் 320-ஐ எடுக்கச் சொன்னேன். டிக்கெட் எடுக்கும்போதே விமான வகை திரையில் தெரியும். யாரும் பார்ப்பதில்லை.

தராசில் வைத்த பைகள்

மருத்துவர் ஏற்கெனவே ஒன்று வாங்கி வைத்திருந்தார்: பெலிக்கன் 1510 என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. சக்கரம், இழுகைப்பிடி, தண்ணீர் புகாத மூடி, மேலே ஏறி நின்றாலும் தாங்கும். நுரையோடு அதன் காலி எடை 6.2 கிலோ. ஏழில் மீதி 800 கிராம், அதாவது இசட்8 பாடியைக்கூட வைக்க முடியாது. உட்புறம் 50 × 28 × 19 செ.மீ., லென்ஸ் படுக்கும். முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பான ஹூடைத் திருப்பி மாட்டினால் மூடி மூடுமா என்பது சந்தேகம். இந்த வகை லென்ஸ்களின் ஹூட் முன்கண்ணாடியைவிட அகலம்.

அவருக்கு மனசே இல்லை. "ஏனுங்க தம்பி, பத்து லட்சத்துக்கு மேல குடுத்து வாங்குன சாமானத்தத் துணிப்பைல போட்டுக் கொண்டு போகச் சொல்றீங்களா?" என்றார்.

"பொட்டி லென்ஸக் காப்பாத்துமுங்கண்ணா. பொட்டிய ஏரோப்ளேன்ல ஏத்த யாரு சம்மதிப்பாங்க?" என்றேன்.

அடுத்து, சக்கரம் வைத்த கேமரா பெட்டிகள். துணிதான், ஆனாலும் சட்டம், சக்கரம், கைப்பிடிக் குழாய் எல்லாம் சேர்ந்து காலியாகவே நாலு முதல் ஆறு கிலோ. விமான நிலையத்தில் இழுத்துக்கொண்டு போகச் சுகமாக இருக்கும். ஆனால் கவுன்டரில் இருப்பவர் கண் முதலில் போவது சக்கரப் பெட்டி மேல்தான். முதுகில் மாட்டிய பையை எடை போடச் சொல்வது குறைவு, தரையில் நிற்கும் பெட்டியைத் தராசில் வைக்கச் சொல்வது அதிகம். இது விதி இல்லை, வழக்கம். நம்பி இருக்கக் கூடாது, மறந்துவிடவும் கூடாது.

மூன்றாவது, நீள லென்ஸுக்கென்றே செய்யும் உருளைப் பைகள். லோப்ரோவின் லென்ஸ் ட்ரெக்கர் 600 போன்றவை. எடை குறைவு, முதுகில் நன்றாக உட்காரும், லென்ஸை பாடியோடு மாட்டியபடியே வைக்கலாம். காட்டில் நடப்பவருக்கு அருமையான பை. ஆனால் வெளிநீளம் விமான அளவைத் தாண்டிவிடும். விமான அளவு 55.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடியை மாட்டியபடி கொண்டுபோகலாம் என்ற ஆசையே தப்பான பைக்கு இட்டுச் செல்கிறது. 43.7 செ.மீ. லென்ஸில் ஒரு இசட்9 மாட்டினால் 52 செ.மீ. பக்கம் வந்துவிடும். 55 செ.மீ. பையில் பஞ்சும் தையலும் போக உள்ளே அந்த அளவு கிடைக்காது. கழற்றி வைத்தால் எந்த விதிக்குட்பட்ட பையிலும் படுக்கும். அதைவிட முக்கியம், மாட்டிய நிலையில் பை கீழே விழுந்தால் மூன்று கிலோ லென்ஸின் அதிர்ச்சி முழுவதும் லென்ஸும் பாடியும் பூட்டிக்கொள்ளும் மவுண்ட் வளையத்தில் இறங்கும். மவுண்ட் வளைந்து வந்த லென்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது, ஒரு ஓரம் மட்டும் எப்போதும் மங்கலாக வரும். பயணத்தில் கழற்றித்தான் வைக்க வேண்டும், பையில் இடமிருந்தாலும்.

கடைசியாக, எடை குறைந்த முதுகுப்பைகள். குரா கியரின் கிபோகோ 30 லிட்டர் வகை சுமார் 2 கிலோ. நடுவில் பிரிந்து இரண்டு கதவு போல் திறக்கும், ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் மூடியே இருக்கும். எஃப்-ஸ்டாப் பைகளில் கேமராவுக்கான உள்பெட்டி தனியாக இருக்கும், அதை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். இரண்டு யோசனையும் எனக்குப் பிடிக்கும். மருத்துவருக்கு நாங்கள் எடுத்தது முதல் வகையில் 1.9 கிலோ பை. அதன் உள்ளே லென்ஸுக்கு மட்டும், தோளில் மாட்டும் பட்டை வைத்த ஒரு மெல்லிய நுரைப் பவுச், கால் கிலோ. பவுச் எதற்கு, பையிலேயே பஞ்சு இருக்கிறதே என்று அவர் கேட்டார். பதில் மாராவில் கிடைத்தது, அதற்கு வருகிறேன்.

பிரித்து வைத்த விதம்

முதுகுப்பையில் லென்ஸ், பவுச், இசட்9. பையோடு சேர்த்து 6.75 கிலோ.

தோள்பையில் இசட்8, 100-400. அந்தப் பை 400 கிராம், மொத்தம் 2.75.

24-120 லென்ஸும் உபரி பேட்டரிகளும் பல பைகள் வைத்த வெஸ்ட்டில். லேப்டாப் கிடையாது. இசட்9-இல் இரண்டு கார்டு இடம் இருக்கிறது, இரண்டிலும் ஒரே படத்தை எழுதச் சொல்லிவிட்டால் போதும். முதல் நாள் இரவு படத்தைப் பெரிய திரையில் பார்க்காமல் இருக்க முடியாது என்று அவர் முகம் சுருங்கியது உண்மை.

டிரைபாட் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. ஜீப்பிலிருந்து இறங்க விடமாட்டார்கள், டிரைபாட்டை எங்கே விரிப்பது? ஜீப்பில் லென்ஸைத் தாங்க வைக்கும் பீன் பேக் ஒன்றைக் காலியாகச் சுருட்டி செக்-இன் பெட்டியில் வைத்தோம். போன இடத்தில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஹூடும் செக்-இன்னில், உள்ளே துணிகளைத் திணித்து. ஹூட் விலையும் கொஞ்சநஞ்சமில்லைதான். ஆனால் பெட்டி வராவிட்டால் ஹூட் இல்லாமலும் படம் எடுக்கலாம், லென்ஸ் இல்லாமல் முடியாது. எதை எங்கே வைப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இது.

பேட்டரியைப் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். உபரி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகவே கூடாது. கேமரா பேட்டரிகள் 100 வாட்-அவருக்குள்தான் வரும். இசட்9 பேட்டரி சுமார் 36. அதனால் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் முனைகளுக்கு மூடி போட்டோ டேப் ஒட்டியோ வைக்க வேண்டும்.

இன்னொன்று, கென்யாவுக்குப் பிளாஸ்டிக் கவர் கொண்டுபோகக் கூடாது. 2017 ஆகஸ்டிலிருந்து தடை. மழைக்கும் தூசிக்கும் லென்ஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றுவது நம் பழக்கம். அதற்குப் பதிலாக இரண்டு ஈரிழைத் துண்டு எடுத்துக்கொண்டார். மாராவின் தூசிக்கு அதைவிடப் பொருத்தமாக எந்த விலையுயர்ந்த உறையையும் நான் பார்த்ததில்லை.

வழியில் நடந்தது

கோவையில் பையை யாரும் எடை போடவில்லை. பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே திரையில் கறுப்பாக ஒரு உருளை தெரிந்ததும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். இது எப்போதும் நடப்பது, தயாராகவே இருக்க வேண்டும். லென்ஸை ட்ரேயில் நிமிர்த்தி வைக்கக் கூடாது; உருளைகள் மேல் ட்ரே ஒரு குலுக்குக் குலுக்கும்போது சாயும். பவுச்சின் மூடியை மட்டும் திறந்து, லென்ஸ் பவுச்சுக்குள்ளேயே படுத்த நிலையில் அவர் வைத்தார். "என்ன சார் இது?" என்ற கேள்விக்கு "கேமரா லென்ஸ்ங்க, புலி படம் எடுக்க" என்றாராம். ஆப்பிரிக்காவில் புலி கிடையாது என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

மும்பையில் சுங்க கவுன்டருக்குப் போய் ஏற்றுமதிச் சான்று வாங்கினார். லென்ஸ், பாடிகளின் வரிசை எண்களை எழுதி, பொருளை நேரில் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது இது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் பதில். ஒரு பக்கக் கதவைத் திறந்ததும் லென்ஸ் கையில் வந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. எல்லாப் பொருளையும் ஒரே அறையில் அடுக்கும் பையாக இருந்திருந்தால் அந்த மேசை மேல் கடை விரித்திருக்க வேண்டும்.

சர்வதேச கவுன்டரில் பையைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். 6.8 காட்டியது. பேச்சே இல்லை. வெஸ்ட்டில் ஒன்றரைக் கிலோ இருந்ததை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 24-120 லென்ஸை செக்-இன் பெட்டிக்கு மாற்றுவது என்று பேசி வைத்திருந்தோம். வெஸ்ட்டில் மூன்று நாலு கிலோவைத் திணித்துக்கொண்டு கவுன்டரில் வியர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் மிச்சத்தை அடைக்கத்தான் வெஸ்ட் சரி. அதையே திட்டமாக வைத்துக்கொண்டால் ஒரு கறாரான ஊழியர் போதும், எல்லாம் கவிழும். அவ்வளவு எடை கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் உயர் வகுப்பு டிக்கெட்டோ, கேபின் சாமானுக்கென்று இன்னொரு இருக்கையோ முன்கூட்டியே கேட்டு வாங்குவது நேர்வழி. வீணை, செல்லோ கொண்டுபோகும் கலைஞர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

வில்சனில் எல்லாவற்றையும் எடை போட்டார்கள். துணிகளைக் குறைத்து, பெரிய பெட்டியை நைரோபி விடுதியிலேயே விட்டுவிட்டு, ஒரு துணிப் பையோடு வந்திருந்தார். ஆனாலும் 15-ஐக் கொஞ்சம் தாண்டியது. பயண ஏற்பாட்டாளர் மூலம் கூடுதல் கிலோவுக்கு முன்பே பணம் கட்டியிருந்ததால் பிரச்சினை இல்லை. மாராவின் முகாம்கள் பலவற்றில் துணி துவைத்துத் தருவார்கள். மூன்று செட் போதும்.

விமானத்துக்குப் பக்கத்தில் போனதும் விமானி முதுகுப்பையைக் கேட்டு வாங்கிக் கீழே கூண்டில் வைக்கப் போனார். இங்கேதான் பவுச். கதவைத் திறந்து, பட்டையைப் பிடித்து இழுத்து, தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். இசட்9 கழுத்தில். மீதிப் பை கூண்டுக்குள் மற்றவர்களின் பைகளோடு அமுங்கிப் போனது. அதில் உடைய எதுவும் இல்லை. பறந்த நேரம் முழுக்க லென்ஸ் அவர் மடியில்.

திரும்பும் வழியில் மும்பை – கோவை விமானத்தில் மேல்தட்டு நிரம்பிவிட்டது. வாசலிலேயே பைகளில் சீட்டுக் கட்டினார்கள். அதே கதை: பவுச் வெளியே, பாடி வெளியே, பை உள்ளே. கேபின் பையை இப்படிக் கடைசி நேரத்தில் வயிற்றுப் பகுதிக்கு அனுப்பும்போது உபரி பேட்டரிகளையும் எடுத்துவிட வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவருடையவை முதலிலிருந்தே வெஸ்ட்டில் இருந்தன. பவுச் முன் இருக்கைக்குக் கீழே படுத்துக்கொண்டது.

தொலைந்திருந்தால்?

லென்ஸை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கையிலேயே வைக்கச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் பணம். சர்வதேசப் பயணத்தில் சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ விமான நிறுவனம் தர வேண்டிய உச்சத் தொகையை மான்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). நம் பணத்தில் இரண்டு லட்சம் பக்கம். ஒரு பைக்கு இவ்வளவு என்பது இல்லை, ஒரு ஆளுக்கு மொத்தமே அவ்வளவுதான். உள்நாட்டுப் பயணத்தில் உச்சம் ₹20,000. லென்ஸ் விலைக்குப் பக்கத்தில் இவை நிற்கவே முடியாது. பையைக் கொடுக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும் என்று உடன்படிக்கையில் வழி இருக்கிறது. கவுன்டரில் யாராவது அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மருத்துவர் உபகரணங்களுக்கு ஆல் ரிஸ்க் பாலிசி வைத்திருந்தார். எடுத்துப் படித்தால் எல்லை இந்தியா என்று இருந்தது. கிளம்புவதற்கு முன் உலகம் முழுக்க என்று மாற்றி எழுதி வாங்கினோம். வாடகை லென்ஸ் எடுத்துப் போகிறவர்கள் இதைக் கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பிடிக்காமல் போனது

1.9 கிலோ பையில் எதையோ குறைத்துத்தானே அந்த எடையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இடுப்புப் பட்டை வெறும் நாடா; எடையை இடுப்புக்கு மாற்றாது. மும்பை முனையத்தின் நீள நடையில் அவருக்குத் தோள் விட்டுப்போயிற்று. ட்ராலி கிடைக்கும் இடம்வரை பரவாயில்லை, பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு எங்கும் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த முறை அதே பையில் பட்டையை மட்டும் தையல்காரரிடம் கொடுத்து மாற்றலாமா என்று கேட்டிருக்கிறார். கோவையில் பை தைப்பவர்களுக்கா பஞ்சம். செய்யலாம், ஆனால் பஞ்சு வைத்த பட்டை 200 கிராமுக்கு மேல் போனால் மும்பைத் தராசு ஏழைத் தொடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.